சம்பவம் இல்லை

தாராவி,
9 ஆகஸ்ட் 2024

தம்பி இசக்கிதுரைக்கு அக்கா செண்பகவல்லி எழுதுவது.

நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள். சத்தாரா பக்கம் நல்ல மழை என்று டிவியில் சொன்னார்கள். சின்னதிலிருந்தே மழையில் நனைந்தால் மூக்கடைத்துப் படுத்துக்கொள்கிற ஆள் நீ. நானும் மகள் மாரீஸ்வரியும் உயிரோடு இருக்கிறோம். உன் அத்தானைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

"போன்ல பேசாதக்கா, எல்லாம் ரெக்கார்ட் ஆவும், லெட்டர் போடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். சரி, போலீஸ்காரன் சொன்னால் கேட்கத்தானே வேண்டும். முனிசிபாலிட்டிப் பள்ளிக்கூடத்தில் நாம் இரண்டு பேரும் படித்த தமிழ் இதற்காவது உதவுகிறது. மாரீஸ்வரிக்கு இதை எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது.

நம் சுடலை கோயில் கொடை முடிந்த மறுநாளே உன்னைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். நீ பந்தோபஸ்து டியூட்டியில் வந்தவன், ஆனாலும் மச்சினன் உரிமை விட்டுப்போகக் கூடாது என்று யூனிபார்மோடு வந்து அத்தானுக்குச் சாமியாடக் கச்சை கட்டிவிட்டாய். சுடலை மேலே வந்து அவர் கொதிக்கிற மஞ்சள்பானையில் கமுகம்பாளையை முக்கி மேலெல்லாம் அடித்துக்கொண்டபோது, பக்கத்தில் நின்ற உங்கள் சப்-இன்ஸ்பெக்டர் சாகேப் கழுத்தில் நாலு சொட்டுத் தெறித்தது. சாமியாடிக்கொண்டிருந்த மனுஷனைக் கன்னத்தில் அறைந்தான். கட்டின கச்சையும் சல்லடக் கால்சட்டையுமாகத் தெருவில் இழுத்துக்கொண்டு போனார்கள். அதுவரைக்கும் நீயும் பார்த்தாய்.

நீ பார்க்காததைச் சொல்கிறேன். ஸ்டேஷனில் "இந்தக் கைதானே" என்று அவர் வலது கையை மேசைமேல் வைக்கச் சொல்லி லாட்டியால் அடித்திருக்கிறான். மணிக்கட்டு போய்விட்டது. நான் சோற்றுப் பாத்திரத்தோடு போனபோது, அவர் மேலிருந்து சொட்டிய மஞ்சள் தரையெல்லாம் காய்ந்து கிடந்தது. "தும்ஹாரா பூஜா ஹை, தும் ஸாஃப் கரோ" உங்கள் பூஜைதானே, நீயே துடை என்று ஒரு லேடி கான்ஸ்டபிள் வாளியை என் முன்னால் காலால் தள்ளினாள். துடைத்தேன் தம்பி. அதில் மஞ்சள் மட்டும் இல்லை. நான் குனிந்து துடைத்துக்கொண்டிருக்கிறேன், அந்த சாகேப் கழுத்தில் களிம்பைத் தடவிக்கொண்டு என் தலைக்கு மேலே உட்கார்ந்து வடாபாவ் தின்கிறான். எண்ணெய்க் கையை என் வாளியில் விட்டுக் கழுவினான். சீ! அந்த வாசம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

சர்க்கார் ஆள்மேல் வேண்டுமென்றே வெந்நீர் ஊற்றினார் என்று கேஸ். உள்ளே இருக்கிறார். மாதுங்காவில் வெங்கடேஸ்வரன் என்று ஒரு வக்கீல், நல்ல மனுஷன். "கான்ஸ்டபிள் நெஞ்சுல கேமரா மாட்டிண்டிருந்தானோல்லியோ, அந்தப் படம் ஒண்ணு போறும்மா, கேஸே நிக்காது" என்கிறார். உன் நெஞ்சில்தானே இருந்தது அது? அத்தான் தன் மேலேதான் அடித்துக்கொண்டார், யார்மேலும் ஊற்றவில்லை என்று அதில் இருக்கும். அதை எப்படிக் கேட்டு வாங்குவது என்று உடனே எழுது.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
அக்கா

*

பயிற்சிக் கூடம்,
சத்தாரா அருகில்,
24 ஆகஸ்ட் 2024

பாசமுள்ள அக்காவுக்கு இசக்கிதுரை வணக்கம்.

கடவுள் புண்ணியத்தில் நான் சௌக்கியம். நீயும் மாரீஸ்வரியும் சுகமாக இருக்கவும், அத்தான் சீக்கிரம் வெளியே வரவும் தினமும் கும்பிடுகிறேன். இங்கே மெஸ்ஸில் சப்பாத்திதான். சோற்றுக்கு நாக்கு ஏங்குகிறது.

கடிதம் படித்துக் கண் கலங்கினேன். ஆனால் அக்கா, அன்றைக்கு என் கேமராவில் பாட்டரி தீர்ந்துவிட்டது. காலையிலிருந்து டியூட்டி, மேளச் சத்தத்தில் கவனிக்கவில்லை. இது டிபார்ட்மென்டில் சகஜமாக நடப்பது. வக்கீலிடம் இதைச் சொல்லிவிடு, அவர் வேறு வழி பார்க்கட்டும்.

ஒரு நல்ல சேதி. இங்கே சொல்லித்தருவதே இந்த உடம்புக் கேமராவைப் பற்றித்தான். எப்போது ஓட விட வேண்டும், எப்போது நிறுத்தலாம், பதிவை எப்படிப் பத்திரப்படுத்துவது என்று ஒரு தடிப் புத்தகமே விதிகள் இருக்கின்றன. நான் நன்றாகச் செய்ததால் என்னையே ட்ரெய்னர் ஆக்கப்போகிறார்கள். சாகேப்தான் சிபாரிசு செய்தாராம். மனுஷன் கோபக்காரரே தவிர கெட்டவர் இல்லை அக்கா. அத்தான் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் மனசு இறங்கிவிடுவார். வக்கீல், கோர்ட் என்று போனால் பகைதான் வளரும்.

மகேஸ்வரி நெருள் வீட்டில் நான் இல்லாமல் தனியாக இருக்கிறாள். ஒரு எட்டுப் போய்ப் பார். இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

அன்பில் குறையாத தம்பி,
இசக்கிதுரை

*

தாராவி,
2 செப்டம்பர் 2024

தம்பிக்கு அக்கா.

சப்பாத்தி உனக்கு ஒத்துக்கொள்ளாது, சீரகத்தண்ணீர் குடி. எனக்குச் சுகத்துக்கு ஒன்றும் குறைவில்லை. பாட்டரி தீர்ந்தது என்று நீ எழுதியதை அப்படியே வக்கீலிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அப்ப அது இல்லேன்னு வெச்சுப்போம்" என்றார். ஜாமீன் வேலையைப் பார்க்கிறார்.

ட்ரெய்னர் ஆகப்போகிறாயா? சந்தோஷம். அந்த சாகேபின் சிபாரிசு என்றதும் மாரீஸ்வரி ஒரு வார்த்தை சொன்னாள். உன் மருமகள் வாயால் வந்ததை நான் எழுதமாட்டேன்.

நேற்று ஜெயிலில் அத்தானைப் பார்த்தேன். கட்டுப் போட்ட கை வீங்கியிருக்கிறது. விரலை மடக்கச் சொன்னேன், மடங்கவில்லை. தோல்பை தைக்கிறவனுக்கு விரல் மடங்காவிட்டால் மெஷினில் என்ன வேலை? அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "மாப்ள நல்லாருக்கானா? இதுல அவன் பேரு எங்கனயும் வந்துறக் கூடாது பாத்துக்கோ." எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, நடுவில் கம்பி இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

மன்னிப்புக் கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். எந்தக் கையால் எழுத என்று கேட்கிறார்.

ஒரு சின்ன சந்தேகம். உங்கள் கேமராவில் சிவப்பாக ஒரு லைட் இருக்கிறதே, அது எரிந்தால் என்ன அர்த்தம்? பச்சை எரிந்தால் என்ன? எடுத்த படத்தை எங்கே வைப்பார்கள், எத்தனை நாள் வைப்பார்கள்? நீதான் தடிப் புத்தகம் படித்தவன், எனக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடு. சீக்கிரம் எழுது.

மகேஸ்வரியைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறாள். உன் புது ஏசி நன்றாகக் குளிர்கிறது.

அக்கா

*

சத்தாரா அருகில்,
20 செப்டம்பர் 2024

அக்காவுக்கு இசக்கிதுரை வணக்கம். நலமாக இருக்கிறேன். நீயும் நலம்தானே? வேலை மிகுதி, அதனால் தாமதம்.

லைட்டைப் பற்றி ஏன் கேட்டாய் என்று தெரியவில்லை. பொதுவாகச் சொல்கிறேன். பச்சை எரிந்தால் கேமரா தயாராக இருக்கிறது, ஆனால் பதியவில்லை. சிவப்பு எரிந்தால் படமும் குரலும் பதிகிறது. எதிரே நிற்கிறவர்களுக்குத் தெரிவதற்காகத்தான் அந்த லைட்டே. போட்டிருக்கிறவன் நினைத்தால்கூடப் பதிவைத் திருத்தவோ அழிக்கவோ முடியாது. மனிதன் பொய் சொல்வான், இது சொல்லாது. அதனால்தான் அரசாங்கம் இத்தனை செலவு செய்து வாங்கிக் கொடுக்கிறது.

டியூட்டி முடிந்ததும் கேமராவை ஸ்டேஷனில் உள்ள பெட்டியில் செருக வேண்டும். பதிவெல்லாம் தானாக இறங்கிவிடும். அப்போது திரையில் கேட்கும், இது எந்த வகை என்று. குற்றமா, கைதா, தேடுதலா, அல்லது 'சம்பவம் இல்லை'யா என்று போட்டிருந்தவனே அமுக்க வேண்டும். சான்று என்று குறித்தால் கேஸ் முடிகிற வரை யாராலும் தொட முடியாது. 'சம்பவம் இல்லை' என்றால் இரண்டு மாதத்தில் தானாக அழிந்துவிடும். அதற்குள் யாராவது எழுத்தில் கேட்டால் நிறுத்தி வைப்பார்கள்.

நான் வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டேன். முதல் பாடமாகப் போர்டில் இதைத்தான் எழுதிப் போடுகிறேன்: ரெக்கார்டில் இருப்பதுதான் நடந்தது, ரெக்கார்டில் இல்லாதது நடக்கவில்லை. பயல்கள் எல்லாம் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். பார்க்கப் பெருமையாக இருக்கிறது.

அத்தான் கைக்கு நல்லெண்ணெய் தடவு.

தம்பி

*

தாராவி,
22 அக்டோபர் 2024

இசக்கிதுரைக்கு.

நீ நன்றாகத்தான் இருப்பாய், அதைக் கேட்கவில்லை. அத்தானுக்கு ஜாமீன் கிடைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். சயான் ஆஸ்பத்திரியில் காட்டினோம். எலும்பு கோணலாகக் கூடிவிட்டதாம். விரல் பழையபடி மடங்காது என்று அந்த டாக்டர் பெண் சொல்லும்போது அவளுக்கே குரல் இறங்கிவிட்டது.

உன் கடிதம் என் கைக்கு வந்தது செப்டம்பர் முப்பதாம் தேதி. உள்ளே இருபது என்று எழுதியிருக்கிறாய். உறைமேல் உங்கள் ஊர்த் தபால் முத்திரை இருபத்தேழு. கொடை நடந்தது ஜூலை இருபத்தாறு. ஒரு நாள்! இரண்டு மாதம் முடிந்து ஒரு நாள் கழித்துத் தபாலில் போட்டிருக்கிறாய். என்ன கெட்டிக்காரத்தனம்!

வக்கீல் அப்படியும் மனுப் போட்டார். பதில் வந்துவிட்டது. அன்றைக்குக் கேமரா ஓடியது. பதிவு இறங்கியது. 'சம்பவம் இல்லை' என்று குறிக்கப்பட்டிருந்ததால் விதிப்படி அழிந்தது. உன் பாட்டரிக்கு ஒரு கேடும் இல்லை.

லைட்டைப் பற்றி ஏன் கேட்டேன் என்றாயே. எதிர்வீட்டு அஃப்ஷா ஜன்னலிலிருந்து போனில் கொஞ்சம் படம் எடுத்திருந்தாள். தூரத்தில் எடுத்தது, மேளச் சத்தம்தான் கேட்கிறது, அத்தான் முகம்கூடச் சரியாக விழவில்லை. ஆனால் உன் நெஞ்சில் சிவப்பு நன்றாகத் தெரிகிறது. ஆகஸ்டு கடைசியிலேயே எனக்குக் காட்டிவிட்டாள். நான் அதை வக்கீலிடம் காட்டாமல் உன்னிடம் கேட்டேன், நீயாகச் சொல்லட்டும் என்று. சொல்லியிருந்தால் அப்போது அந்தப் பதிவு உயிரோடு இருந்தது.

சம்பவம் இல்லையா? என் புருஷன் எலும்பு நொறுங்கியது சம்பவம் இல்லை? அருள் வந்து நின்ற மனுஷனைச் செருப்புக் காலால் மிதித்து இழுத்தது சம்பவம் இல்லை? நான் மண்டி போட்டு அவர் ரத்தத்தைத் துடைத்தேனே, அது என்ன, கோலமா? எந்த விரலால் அமுக்கினாய் அந்தப் பொத்தானை? கச்சைக்கு முடிச்சுப் போட்ட அதே விரல்தானே? த்தூ!

உன்னை நினைத்தால் குமட்டுகிறது.

செண்பகவல்லி

*

சத்தாரா அருகில்,
5 டிசம்பர் 2024

அக்காவுக்கு வணக்கம். எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நீ திட்டியதெல்லாம் சரி. பதில் எழுத உட்கார்ந்து பல தடவை கிழித்துப் போட்டேன். ஆமாம், நான்தான் அமுக்கினேன். சாகேப் என் தோள்மேல் கை வைத்துப் பின்னாலேயே நின்றார். "க்யா ஹுவா துரை? குச் நஹி ஹுவா நா?" ஒன்றும் நடக்கவில்லைதானே என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அந்த நேரம் அத்தான் பக்கத்து அறையில் இருந்தார். நான் என்ன செய்ய முடியும்? என் இடத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். நெருள் வீட்டுக்கு லோன் ஓடுகிறது, மகேஸ்வரி ஐந்து மாதம்.

அத்தான் கைக்கு ஆபரேஷன் செய்வதானால் செலவு என்னுடையது. இதற்குமேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. என்னை வெறுக்காதே.

தம்பி

*

தாராவி,
14 டிசம்பர் 2024

தம்பி,

மகேஸ்வரிக்கு ஐந்து மாதம் என்று இப்படியா எனக்குத் தெரிய வேண்டும்? அவளுக்குப் புளிக்குழம்பு கொடுத்துவிட்டிருக்கிறேன். அவள் நன்றாக இருக்கட்டும்.

சொல்ல ஒன்றும் இல்லை என்கிறாய். இருக்கிறது. நீ சொல்வாய் சொல்வாய் என்று நானும் ஆகஸ்டிலிருந்து காத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு நான் குலவை போட்டுக்கொண்டு உனக்குப் பின்னாலேயே நின்றேன். நீ பார்க்கவில்லை. சாகேப் ஓரமாகத்தான் நின்றான், செல்போனை நோண்டிக்கொண்டு. நீதான் போய் அவன் முதுகில் கை கொடுத்து முன்னால் கூட்டி வந்தாய். "ஆயியே சாகேப், ஆகே ஆயியே, மேரே ஜீஜா ஹை. யே பானி லகா தோ அச்சா ஹோதா ஹை." வாங்க சாகேப், முன்னால வாங்க, என் அக்கா புருஷன்தான், இந்தத் தண்ணி மேலே பட்டால் நல்லது. உனக்கு முகமெல்லாம் பெருமை. பானைக்கு அந்தப் பக்கம் நம் ஆட்கள்கூட ஒதுங்கி நிற்கிற இடத்தில் கொண்டுபோய் அவனை நிறுத்தினாய். வெந்நீர் தெறிக்கும் என்று தெரியாதவனா நீ? சாகேபுக்கு நம் சாமியைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் உனக்கு. அதில் தப்பு ஒன்றும் இல்லை. யாரும் செய்வதுதான்.

அது உன் கேமராவில் உன் குரலிலேயே இருந்தது. அது வெளியே வந்தால் அத்தானுக்கு விடுதலை, உனக்குத்தான் கேள்வி வரும். அதற்குத்தானே அழிய விட்டாய்? சாகேபுக்குப் பயந்து என்று மட்டும் எழுதியிருக்கிறாயே, பாதியை முழுங்கிவிட்டு!

இதை நான் இன்றுவரை வக்கீலிடம் சொல்லவில்லை, அத்தானிடமும் சொல்லவில்லை. சாமி மேலே வந்து நின்றவருக்கு யார் எங்கே நின்றார்கள் என்று என்ன தெரியும்? என் கூடப்பிறந்தவன் வேலை என் வாயால் போகக் கூடாது என்று இருந்தேன். இனி முடியாது. நான் எதைச் சாட்சி சொன்னாலும் பெண்டாட்டி சொல்கிறாள் என்று தள்ளிவிடுவார்கள் என்கிறார் வக்கீல்.

கை உடைந்ததைப் பற்றி மேலிடத்தில் கொடுத்த புகாருக்கு விசாரணை வைத்திருக்கிறார்கள். ஜனவரி கடைசியில். உனக்கும் சம்மன் வரும். மெஷினில் இருந்தது அழிந்துபோயிற்று, உன் வாயில் இருப்பது அழியவில்லையே. வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்: "நான்தான் சாகேபை முன்னால் கூப்பிட்டேன்." அது போதும். உன் ஆபரேஷன் பணம் எனக்கு வேண்டாம்.

அக்கா

*

சத்தாரா அருகில்,
10 ஜனவரி 2025

என் அக்காவுக்கு,

சுகம் கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. நீ எழுதியது அத்தனையும் உண்மை. இத்தனை நாள் தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறாய். படித்துவிட்டுக் கழிவறையில் உட்கார்ந்து அழுதேன்.

சம்மன் வந்துவிட்டது. வருகிறேன். சொல்கிறேன். வேலை போனால் போகட்டும். அன்றைக்கே தாராவிக்கு வந்து அத்தான் காலில் விழுகிறேன். எனக்கு உன் கையால் நெத்திலிக் குழம்பு வைத்து வை.

உன் தம்பி

*

தாராவி,
12 பிப்ரவரி 2025

இசக்கிதுரை,

நெத்திலிக் குழம்பு வைத்தேன். அதைச் சாக்கடையில் கொட்டினேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அந்த அறையில் நடந்ததை உனக்கே திரும்ப எழுதுகிறேன். ரெக்கார்டில் இருக்க வேண்டுமே. விசாரணை அதிகாரி மேசைமேல் கையடக்கமான ரெக்கார்டரை வைத்தார். அது ஓடவில்லை. "துரை, தும் தோ ட்ரெய்னர் ஹோ, தேகோ ஜரா", நீதான் ட்ரெய்னராச்சே, கொஞ்சம் பார் என்றார். நீ எழுந்து போய்ச் சரிபார்த்தாய். பாட்டரி நிறைய இருக்கிறது என்று காட்டினாய். சிவப்பு லைட் எரிந்தது. உன் பெயர், நம்பர், தேதி, நேரம் எல்லாம் விதிப்படி வாய்விட்டுச் சொன்னாய். என்ன சுத்தம், என்ன சுத்தம்! பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.

உன் அத்தான் கோணக் கையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் இருந்தார். அந்த சாகேப் ஜன்னலோரம் பல் குத்திக்கொண்டிருந்தான். "குற்றவாளி உனக்கு உறவா? உறவென்றால் விதிப்படி நீ சொல்லியாக வேண்டும்" என்று அதிகாரி கேட்டார். நீ எங்களைப் பார்க்கவே இல்லை. "நஹி சர். மேரா கோயி நஹி லக்தா. காவ்வாலா ஹை, பஸ்." எனக்கு அவர் எந்த உறவும் இல்லை, ஊர்க்காரன், அவ்வளவுதான்.

அடுத்ததாக, சாகேபை யாரும் முன்னால் கூப்பிடவில்லை, கூட்டத்தில் நான் ஒன்றும் பார்க்கவில்லை என்றாய். அதெல்லாம் என் காதில் சரியாக விழவில்லை. முதலில் சொன்னதிலேயே நான் நின்றுவிட்டேன்.

வெளியே வந்து தண்ணீர்க் குழாய் பக்கத்தில் மெதுவாக, "அக்கா, சாப்டியா?" என்று கேட்டாய் பார், அதற்குமேல் அங்கே நிற்காமல் அத்தானைக் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டேன். சயான் ஸ்டேஷன் வாசலில் வாந்தி எடுத்தேன். அத்தான் இடது கையால் முதுகைத் தடவிக்கொண்டு, "பய பயந்துட்டான், விடு. பிள்ளத்தாச்சிக்காரி வீட்ல இருக்கா" என்கிறார். இந்த மனுஷன் நல்லதனத்தைப் பார்த்தாலும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

விசாரணையை மூடிவிட்டார்கள். ஸ்டேஷன் அறையில் அவராகவே வழுக்கி விழுந்ததில் கை உடைந்ததாம். கேஸ் அப்படியே நடக்கும். விசாரணையில் பதிந்த உன் பேச்சைச் சான்று என்று குறித்திருக்கிறார்களாம், வக்கீல் நகல் வாங்கி வைத்திருக்கிறார். யாராலும் தொட முடியாது என்றாயே, அந்த வகை.

செண்பகவல்லி

*

நெருள்,
30 ஜூன் 2025

அன்பு அக்காவுக்கு,

இங்கு நான், மகேஸ்வரி, குழந்தை மூவரும் நலம். பெண் குழந்தை, தகவல் வந்திருக்கும். நீ பார்க்க வரவில்லை. நானும் பிப்ரவரிக்குப் பிறகு எழுதவில்லை. நடந்ததைப் பேசி என்ன ஆகப்போகிறது? சாகேபுக்கு மாற்றல் ஆகிவிட்டது. நான் மும்பைக்கே ட்ரெய்னராக வந்துவிட்டேன்.

குழந்தைக்கு அடிக்கடி சுரம் வருகிறது. ராத்திரி திடுக்கென்று அழுகிறது. மகேஸ்வரியின் அம்மா, சுடலைக்கு ஏதோ குறை வைத்திருக்கிறீர்கள் என்கிறாள். அக்கா, ஆடிக் கொடை எந்த வெள்ளி என்று சொல். என் பங்குக் கோயில் வரியை இத்துடன் வைத்திருக்கிறேன். இந்த வருஷம் லீவு போட்டுவிட்டு வேட்டி கட்டித்தான் வருவேன். அத்தானுக்குக் கச்சை நான்தான் கட்ட வேண்டும். மச்சினன் கட்டாமல் விட்டால் இரண்டு குடும்பத்துக்கும் ஆகாது என்று உனக்குத் தெரியாதா? வேறு யாரும் கட்டவும் கூடாது. என்மேல் இருக்கிற கோபத்தைச் சாமி காரியத்தில் காட்டாதே.

உன் மருமகளுக்காவது இரக்கப்படு.

தம்பி இசக்கிதுரை

*

தாராவி,
4 ஆகஸ்ட் 2025

திரு. இசக்கிதுரை, காவலர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள். குழந்தைக்குச் சுரம் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல டாக்டரிடம் காட்டுங்கள். அதன்மேல் எங்களுக்கு ஒரு மனக்குறையும் இல்லை, சாமிக்கும் இருக்காது.

கொடை முடிந்துவிட்டது. கச்சையையும் சல்லடத்தையும் தட்டில் வைத்துச் சந்நிதியில் வைத்திருந்தார்கள். பெரியவர்கள் எல்லாம் என்னைப் பார்த்து, "செம்பகம், தம்பிக்கு ஒரு போனப் போடு. கச்ச கெட்ட மச்சினன் வேணும்லா" என்றார்கள். என் வீட்டுக்காரரும் ஆசையோடு என் முகத்தைப் பார்த்தார். வக்கீல் கொடுத்த நகல் மாரீஸ்வரி போனில் இருந்தது. மைக்கை வாங்கி அதன் பக்கத்தில் வைத்துப் போடச் சொன்னேன். உங்கள் பெயர், நம்பர், தேதி, நேரம் எல்லாம் தெளிவாகக் கேட்டது. "மேரா கோயி நஹி லக்தா" என்பதும் கேட்டது. பிறகு யாரும் போன் போடச் சொல்லவில்லை.

கச்சையை வேறு யாரும் கட்டவில்லை. தட்டிலேயே இருந்தது. மேளம் வெகுநேரம் அடித்தார்கள். மஞ்சள்பானை கொதித்துப் பொங்கியது. என் வீட்டுக்காரர் பாளையை இடது கையில் வாங்கிக்கொண்டு பானைக்கு முன்னால் அப்படியே நின்றார். சாமி வரவில்லை. தண்ணீர் ஆறியதும் கீழே ஊற்றிவிட்டார்கள்.

தெருமுனையில் நீங்கள் வேட்டி கட்டிக்கொண்டு நின்றீர்கள் என்று அஃப்ஷா சொன்னாள். நான் பார்க்கவில்லை. தங்கள் வரிப்பணத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். வரி வாங்குவது உறவுக்காரர்களிடம் மட்டும்தான்.

இனி எங்கள் கேஸ் சம்பந்தமாக ஏதாவது இருந்தால் வக்கீல் மூலம் எழுதவும்.

இப்படிக்கு,
செண்பகவல்லி,
சொரிமுத்துவின் மனைவி